சிவப்பு வேருக்கு, பச்சை தளிருக்கு

"இதுல ஒரு வேராவது இருக்கா? காட்டு பார்ப்போம்!"

பேராசிரியர் ஸ்டூரே கண்ணாடிக் குப்பியை ஆய்வுக்கூட உதவியாளர் மைலிஸின் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளே ஆஸ்பென் மரக்கன்று கொத்துக்கொத்தாகத் தளிர்விட்டிருந்தது. அடியில் வேர் இல்லை. அலமாரி முழுக்க அப்படித்தான்.

நிறைய வேர்விட வேண்டும் என்றே மரபணுவை மாற்றி வளர்த்த கன்றுகள்.

"வேர் ஹார்மோனுக்குப் பதிலா தளிர் ஹார்மோனைக் கலந்தா வேறென்ன வரும்? சிவப்பு டேப் வேருக்கு, பச்சை டேப் தளிருக்கு. குழந்தைக்குக்கூடப் புரியுமே!"

மைலிஸ் குப்பியை வாங்கி அலமாரியில் வைத்தாள். ஆய்வு மாணவி தூவா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கவனம் இல்லாதவங்களுக்கு இங்க இடமில்லை. இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம். கோபத்துல சொல்லலை."

"சரி, ஸ்டூரே."

மைலிஸின் கடைசி நாளில் எல்லோருக்கும் காப்பி, கேக். ஸ்டூரே நன்றாகவே பேசினார். முடிவில் ஒரு டப்பாவை மைலிஸ் கையில் கொடுத்தார்.

"லிங்கோன் பழம். காட்டுல நானே பறிச்சது. நல்லாப் பழுத்ததாப் பார்த்துப் பறிச்சேன்."

கைதட்டினார்கள்.

குப்பி கழுவும் அறையில் மைலிஸ் டப்பாவைத் திறந்தாள். பழுத்தால் செக்கச் சிவக்கும் சின்னப் பழம் அது; இதில் பாதிக்குமேல் பச்சைக் காய். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவர் கொண்டுவருவது அப்படித்தான். எல்லோரும் முகம் சுளிக்காமல் தின்றுவிட்டு, 'அருமை' என்பார்கள். யாரும் வேறெதுவும் சொன்னதில்லை.

தூவா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மைலிஸ், அந்த வாரம் உன் பையனுக்குக் காய்ச்சல். நீ வரவே இல்லை. ஹார்மோன் கலந்தது அவர்தானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் வாயத் திறக்கலை?"

"ஸ்வீடன்ல எங்க வேலை கேட்டாலும் அவருக்குத்தான் போன் பண்ணி விசாரிப்பாங்க. நீ சொல்லியிருக்கலாமே?"

"என் பட்டத்துக்கு அவர் கையெழுத்து வேணும்." தூவா ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டாள். "என்ன புளிப்பு!"

"திங்கட்கிழமை யார் கலக்கப்போறாங்க?"

"அவரேதான். இனிமே தப்பு நடக்காதாம்."

"இது உனக்குக் கடைசி வாய்ப்பு இல்ல?"

"ம். இதுவும் வேர்விடலைன்னா மூணு வருஷமும் குப்பை. சரி, கேக் மிச்சம் இருக்கு, எடுத்துட்டு வரேன்."

அவள் போனபின் மைலிஸ் உறைபெட்டியைத் திறந்து இரண்டு ஹார்மோன் குப்பிகளையும் எடுத்தாள். துடைத்தாள். கறுப்பு மையால், சிவப்பு டேப்பின் மேல் 'வேர்' என்றும் பச்சை டேப்பின் மேல் 'தளிர்' என்றும் நிறம் பிரித்தறியாத கண்ணுக்கும் தெரியும்படி கொட்டை எழுத்தில் எழுதினாள். பனியில் அழியாமலிருக்க எழுத்தின் மேல் கண்ணாடி டேப் ஒட்டி, குப்பிகளைப் பழைய இடத்திலேயே வைத்து மூடினாள்.