சிவப்புப் புள்ளி வைத்த கார்டு

“அண்ணி, அப்பாவோட கார்டு உங்க போன்ல எப்படி வந்துச்சு?”

கூடத்தில் அண்ணன் நாளிதழைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளைக்கு நாளிதழை விட்டால் வேறு துணை ஏது?

நடந்தது இதுதான். தங்கையின் குழந்தை முதல் முதலாக எழுந்து நடந்துவிட்டது. இப்படி ஒரு நிமிஷத்துக்காகத்தான், அப்பா ஓய்வு பெற்றபோது அத்தனை பெரிய கேமராவையும் அதற்கேற்ற, போனிலும் பொருந்தும் அதிவேக மெமரி கார்டையும் அவள் வாங்கிக் கொடுத்திருந்தாள். பொத்தானை அழுத்தினால் படபடவென்று இருபது படம் விழும்.

விழவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த குழந்தையையே அப்பா படமாகச் சுட்டுத் தள்ளியதில் கேமராவுக்கு மூச்சு வாங்கியது. சிவப்பு விளக்கு சிமிட்ட, திரையில் ‘காத்திருக்கவும்’ என்று வந்தது. குழந்தை காத்திருக்குமா? அப்பா கேமராவைக் கீழே வைத்தார். குழந்தை தத்தித் தத்தி வந்து அவர் மடியில் தொப்பென்று விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நடந்ததற்குப் படம் ஒன்றுகூட இல்லை.

தங்கை கேமராவைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு பழைய கார்டு. அதன்மேல் நகப்பூச்சில் ஒரு சிவப்புப் புள்ளி. குடை, சார்ஜர், டார்ச் லைட் என்று தன் பொருள் எல்லாவற்றுக்கும் சிவப்புப் புள்ளி வைக்கிற ஆள் அந்த வீட்டில் அண்ணி ஒருத்திதான். அண்ணியின் போனைத் திறந்தால், அங்கே சொகுசாக உட்கார்ந்திருந்தது, அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த தங்க நிறக் கார்டு!

“நான்தான்ம்மா மாத்தினேன்,” என்றாள் அண்ணி. சொல்லும்போது மாமனாரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் லென்ஸைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

“கேட்டிருந்தா உங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தந்திருப்பேனே! என் பொண்ணு இன்னொரு தடவை முதல் தடவையா நடப்பாளா?” என்றாள் தங்கை. “இனிமே இந்த வீட்டுப் படி ஏறினா என்னை ஏன்னு கேளுங்க!”

அதற்கு முன்னால், படம் விழாததற்கு அந்தக் கார்டுதான் காரணம் என்று நிரூபித்தாக வேண்டுமே. அண்ணியைக் கையோடு இழுத்துக்கொண்டு தெருமுனைக் கேமரா கடைக்குப் போனாள்.

கடைக்காரர் இரண்டு கார்டையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“இந்தத் தங்கக் கலர் நொடிக்கு முப்பது எம்.பி.க்குக் குறையாம எழுதும். இது போன்லயா இருந்துச்சு? போன்ல என்ன பண்ணுவீங்க?”

“பாட்டு கேப்பேன்,” என்றாள் அண்ணி.

“பாட்டுக்கு எதுக்குங்க இந்த வேகம்? இதோ, புள்ளி வச்ச கார்டு, இது வெறும் நாலு. பாட்டுக்கு இது தாராளம். ஆனா இதைப் போய் அந்தக் கேமராவில போட்டா, பக்கெட் தண்ணியை ஸ்ட்ரா வழியா ஊத்துற மாதிரி. எந்தப் புண்ணியவான் மாத்திப் போட்டது?”

“ரொம்ப வேண்டப்பட்டவங்கதான்,” என்றாள் தங்கை, அண்ணியைப் பார்த்தபடி.

“புதுசா எதுவும் வேணாம். இடம் மாத்திப் போடுங்க, போதும்,” என்றார் கடைக்காரர், வியாபாரம் ஆகாத வருத்தத்தோடு.

வழியெல்லாம் அண்ணி தரையைப் பார்த்தே நடந்தாள். திருட்டு முழி என்று தங்கை நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தன் கையாலேயே கார்டை மாற்றினாள். “இப்ப எடுங்கப்பா!” என்று குழந்தையை எதிர்ச் சுவரோரம் நிறுத்தினாள்.

குழந்தை நடந்தது. கேமரா படபடத்தது. விளக்கும் இல்லை, காத்திருப்பும் இல்லை. குழந்தை தாத்தாவிடம்தான் வந்தது. கிட்டே வந்து, முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த கறுப்புப் பெட்டியை அண்ணாந்து பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. அப்படியே திரும்பி அண்ணியின் காலைக் கட்டிக்கொண்டது.

“இருநூறு படம்!” தங்கை துள்ளினாள். “எப்படிப்பா வந்தா? சிரிச்சுக்கிட்டே வந்தாளா?”

“இரு, பார்த்துச் சொல்றேன்,” என்று அப்பா கேமராத் திரைக்குள் குனிந்தார்.

குனிந்தவர் நாலைந்து படத்தைத் தள்ளிப் பார்த்தார். பிறகு கேமராவைத் திறந்து, தங்க நிறக் கார்டை உருவி மருமகளிடம் நீட்டினார்.

“உன் பழசைக் குடும்மா.”

“மாமா, வேணாம்... சும்மா இருங்க,” என்றாள் அண்ணி.

“அப்பா! என்ன பண்றீங்க?”

“மாத்தினது அவ இல்லம்மா. நான். எனக்கு இந்தப் பொத்தான் மேல விரலை வச்சா, திரும்ப விரலை எடுக்கத் தெரியலை. இது ஓடிக்கிட்டே இருக்கு, நானும் அமுக்கிக்கிட்டே இருக்கேன். யாரு சிரிச்சாங்க, யாரு அழுதாங்க, ஒண்ணும் தெரியலை. பழசு போட்டா அப்பப்ப நின்னுடும். அது நின்னாத்தான் நான் கையைக் கீழ போடறேன். காலையில அது நிக்கலைன்னா, உன் பொண்ணு வந்து விழ என் மடி இருந்திருக்காது.”

“அதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமேப்பா?”

“நீ ஆசையா வாங்கிக் கொடுத்தது. உன் மனசு வருத்தப்படுமேன்னு, சொல்லாதேன்னு இவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன். இவ திட்டு வாங்குறப்பவும் வாயை மூடிக்கிட்டு லென்ஸைத் துடைச்சேன் பாரு, அதுதான் தப்பு.”

நாளிதழ் மெல்லக் கீழே இறங்கியது. அண்ணன் அண்ணியைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தான்.

தங்கை உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. துணிமணியை மூட்டை கட்டுகிறாளோ என்று எல்லாரும் பதறினார்கள்.

திரும்பி வந்தவள் கையில் அண்ணியின் நகப்பூச்சு பாட்டில் இருந்தது. தங்க நிறக் கார்டை வாங்கி, அதன்மேல் பதமாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, உலர ஊதி, அண்ணியின் உள்ளங்கையில் வைத்தாள்.