கேப்டனை மாற்று

"அவன் மட்டும் என் கையில கெடைச்சான், மீன் தலைக்குப் பதிலா அவன் தலையப் போட்டுக் கறி வெச்சிருவேன்லா!"

ஜபருல்லா தன் கைப்பேசியைப் புடவைக் கடையின் கண்ணாடி மேசைமீது தட்டி வைத்தார். குவீன் தெருவில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். இளம் ஆட்டக்காரர்களை வளர்த்தெடுக்கிற ஜார்ஜ்டவுன் பெண்கள் டெவலப்மெண்ட் கிரிக்கெட் அணிக்கு ஆட்களைத் தேர்வு செய்கிறவரும் அவர்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் புடவை மடித்துக்கொண்டிருந்த ஷர்மினி அந்த அணியின் கேப்டன். ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் அரையிறுதி. தொண்ணூற்றிரண்டு ரன் அடித்தால் போதும் என்ற நிலையில் எட்டு ரன் வித்தியாசத்தில் தோற்றுப்போய் ஊர் திரும்பியிருந்தார்கள்.

"இன்னிக்கு என்னண்ணே எழுதியிருக்காங்க?" என்றாள் ஷர்மினி.

"நீ படிக்காதம்மா. மனசு கஷ்டப்படும்."

"பரவால்ல, நீங்களே படிங்க."

வேண்டாம் என்று சொன்னவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார். முகநூலில் 'கடைசி ஓவர்' என்று ஒரு பக்கம். நடத்துகிற ஆள் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் பினாங்கில் கிரிக்கெட் பார்க்கிற அத்தனை பேரும் அதைப் படித்தார்கள்.

"'கேப்டனுக்கு வயது இருபத்தொன்பது. டெவலப்மெண்ட் அணியில் இருந்துகொண்டு இன்னும் எதை டெவலப் செய்யப் போகிறார், முழங்கால் வலியையா?'"

கல்லாவில் இருந்த புஷ்பவள்ளி அக்கா களுக்கென்று சிரித்துவிட்டு, அதை அவசரமாக இருமலாக மாற்றிக்கொண்டார்.

"'முப்பது பந்தில் ஒன்பது ரன்...'"

"முப்பத்தொரு பந்து," என்றாள் ஷர்மினி.

"பாத்தியா, உன் நேர்மை யாருக்கு வரும்! உன்னப் போய் இப்படி எழுதறான்." ஜபருல்லா கண்ணாடியைக் கழற்றினார். "மொதல்ல ஹரீஷ்னு நெனச்சேன். பாகான் டாலாம்லேர்ந்து எல்லா மேட்சுக்கும் வந்து கத்துவானே, அந்த பஸ் டிரைவர். நேராப் போய்க் கேட்டுட்டேன். 'நான் மூஞ்சிக்கு நேராத்தான் திட்டுவேன்ணே, எழுதினா எழுத்துப் பிழை வரும்'னான். சொன்னதோட விட்டானா? அங்கயே நிக்க வெச்சு அரை மணி நேரம் திட்டிட்டான்."

"இஸ்ஸதியோட அம்மாவா இருக்குமோ?" என்றார் புஷ்பவள்ளி.

"காமாரியாவா? கேட்டேனே." ஜபருல்லாவின் குரல் இறங்கியது. "'எம் மக வெளையாடறவளா? ரெண்டு வருஷமா தண்ணி குடுக்கற வேலைன்னுல்ல நெனச்சிட்டிருக்கேன்'னுச்சு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு."

கடையில் யாரும் சிரிக்கவில்லை. இஸ்ஸதிக்குப் பதினெட்டு வயது. பயிற்சியில் அவள் அடிக்கிற பந்தைத் தேடி மைதானத்துக்கு வெளியே கால்வாய்வரை போக வேண்டும். ஆட்டம் நடக்கிற நாளில் மட்டும் தண்ணீர்ப் போத்தல்களோடு எல்லைக் கோட்டில் உட்கார்ந்திருப்பாள்.

கைப்பேசி ஒலித்தது. ஜபருல்லா எடுத்துப் பேசினார். பேச்சில் "சரி, சரி" என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"கமிட்டி," என்றார் வைத்துவிட்டு. "அடுத்த கோலாலம்பூர் போட்டிக்கு அஞ்சு மணிக்குள்ள லிஸ்ட் குடுக்கணுமாம். 'கேப்டனை மாற்று'னு அறுநூறு பேர் எழுதியிருக்காங்களாம், என்ன பண்ணப் போறேன்னு கேக்கறாங்க. நீ பயப்படாதம்மா. நான் உன்ன விட்டுக்குடுக்க மாட்டேன்."

"விட்டுக்குடுங்கண்ணே."

"என்னது?"

"என் எடத்துல இஸ்ஸதியப் போடுங்க. இந்த ஒரு போட்டி மட்டும். அந்தப் புள்ள சரியா ஆடலன்னா பேசினவங்க வாய் தானா மூடிக்கும்."

"ஆடிருச்சுன்னா?"

"நமக்கு ஒரு ஆள் கெடைச்சிருச்சு."

"அலாமாக்! அப்ப அந்தப் பேர் தெரியாதவன் ஜெயிச்ச மாதிரி ஆயிருமே!"

"ஜெயிச்சிட்டுப் போகட்டும்ணே. நாம அரையிறுதியே தோத்துட்டோம், இதுல என்ன வந்துச்சு?"

ஜபருல்லா பாக்கெட்டில் இருந்த பட்டியலைப் பிரித்தார். பேனாவை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கடைசியில் ஒரு பெயரை அடித்து இன்னொன்றை எழுதினார். பிறகு அங்கேயே நின்று இஸ்ஸதிக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியைத் தட்டினார்.

"இஸ்ஸதி, கோலாலம்பூர்ல நீதான் மொதல்ல பேட் புடிச்சிட்டு எறங்கற."

அந்தப் பக்கத்திலிருந்து சின்னக் குரல் ஒன்று கேட்டது.

"அப்ப தண்ணி யாருண்ணே எடுத்துட்டு வருவா?"

ஷர்மினி எட்டி, கைப்பேசியின் பக்கம் குனிந்தாள். "நான் எடுத்துட்டு வரேன். நீ அடிக்கற வேலையப் பாரு."

அதற்குப் பிறகு போனில் வந்த கூச்சலில் பக்கத்து நகைக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

ஜபருல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்ளோ பெரிய மனசும்மா உனக்கு! அந்தப் பாவி மட்டும் கெடைக்கட்டும், உன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்க வெக்கறேன்." சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனார்.

"அந்தப் புள்ளையப் போடுங்கன்னு நீயே மூணு தடவ நேர்ல கேட்ட. பெருந்தன்மைன்னு சொல்லித் தட்டிக் கழிச்சாரு," என்றார் புஷ்பவள்ளி. "பேர் தெரியாத எவனோ எழுதினதும் ஆடிப் போயிட்டாரு பாரேன்."

ஷர்மினி மடித்த புடவைகளை அடுக்கி வைத்தாள். பிறகு தன் கைப்பேசியில் 'கடைசி ஓவர்' பக்கத்தின் பாஸ்வர்டைத் தட்டி உள்ளே போய், "கேப்டனை மாற்றிவிட்டார்கள், இத்துடன் இந்தப் பக்கம் மூடப்படுகிறது" என்று எழுதிப் போட்டாள்.