அவள் டிக்கெட் வாங்கவில்லை

மசில் கார் எனப்படும் பழைய அமெரிக்க அதிவேகக் கார்களின் இரண்டு நாள் பந்தயத்தில், ஞாயிறு காலை, மைதானத்தில் காவலுக்கு நின்ற ஆம்புலன்ஸின் ஓட்டுநர் இருதயராஜுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. வெளியே நெடுஞ்சாலையில் லாரி மோதி ஒரு பெண் கிடக்கிறாள். அடுத்த ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும்.

பந்தயம் நடத்தும் வெங்கடபதி வண்டியின் கதவை மறித்தார். “நீ போனா ரேஸை நிறுத்தணும்யா. ரூல் தெரியாதா? நாலாயிரம் பேர் உக்காந்திருக்காங்க.”

“அங்க ஒருத்தி ரோட்டுல கெடக்குறா சார்.”

“அவ டிக்கெட் வாங்கலயே.”

இருதயராஜ் அவரைத் தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பினான். நுழைவாயிலைக் கார்கள் வரிசையாக அடைத்து நின்றன. நேர்கோடாக நீண்ட பந்தயத் தடம் மட்டும்தான் காலியாகக் கிடந்தது. புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த இரண்டு கார்களுக்கு நடுவே புகுந்து, சைரன் அலற, அதிலேயே விட்டான். கூட்டம் ஊளையிட்டது. தண்ணீர் பாட்டில்கள் கண்ணாடியில் வந்து விழுந்தன. இன்னும் அழுத்தி மிதித்தான்.

தடத்தின் முடிவில், நெடுஞ்சாலைப் பக்கம், பூட்டிய கம்பிக்கதவு. அங்கிருந்த காவலாளி, சாவி தன்னிடம் இல்லையென்று கைகளை விரித்துக் காட்டிவிட்டு ஓரமாக ஓடினான்.

இருதயராஜ் பிரேக்கைத் தொடவில்லை.