கிளியம்மாள் கேட்ட தண்ணீர்

உச்சிவெயிலில் பிள்ளைப்பாக்கத்துக்கு அப்பால் அந்தச் சிற்றூர் மூச்சுவிடாமல் கிடக்கிறது. காலரா வந்ததிலிருந்து நாய்கூடக் குரைப்பதில்லை. தடுப்பு வேலைக்குப் பொறுப்பேற்று வந்திருக்கும் டாக்டர் அமலாவின் ஆட்கள் பொதுக்கிணற்றை மூடப் பலகையோடு காத்திருக்கிறார்கள். கிளியம்மாள் மட்டும் கயிற்றை விடவில்லை. ராட்டினம் கிறீச்சிட, கலங்கல் தண்ணீரைக் குடத்தில் நிறைக்கிறாள். சாத்திய கதவுகளின் இடுக்குகளில் கண்கள் தெரிகின்றன. இந்தக் குடம் வீடு போனால் ஊரே குடத்தோடு வந்துவிடும் என்று அமலாவுக்குத் தெரியும். “அதக் கொட்டிடுங்கம்மா, உசுருக்கு ஆபத்து.” “எம் புள்ள தாகம்னு அழுதுகினு கீறான் மேடம்.” அந்தப் பிள்ளையை நேற்றுப் புதைத்தபோது அமலாவும் கூட நின்றிருந்தாள். ஜீப்பிலிருந்து ஒரு கேனை எடுத்து நீட்டுகிறாள். “இதக் குடுங்க, காய்ச்சின தண்ணி.” கிளியம்மாள் அவளையே பார்க்கிறாள், பிறகு குடத்தைக் கவிழ்க்கிறாள். கேனைக் கிணற்றையொட்டிய தன் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாசற்படியில் உட்கார்கிறாள். அவளைத் தவிர அந்த வீட்டில் இனி யாருமில்லை. மற்ற கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. பெண்கள் வெறுங்குடங்களோடு பேச்சில்லாமல் ஜீப்பைச் சூழ்கிறார்கள். முதல் குடத்தில் தண்ணீர் ஊற்றப்போன அமலாவின் கை அப்படியே நிற்கிறது. கிளியம்மாளின் முதுகுக்குப் பின்னால், சாத்திய கதவுக்குள், யாரோ மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்கிறது.