பாப்பாவின் முணுமுணுப்பு

"மூணு வேலை சொன்னா ரெண்டை மறந்துடுறா டாக்டர். குழந்தைகளோட ஞாபகசக்தியைப் பத்தி ஊர் ஊராப் போய்ப் பேசறவன் நான். என் பொண்ணே இப்படின்னா வெளியே தலைகாட்ட முடியுமா?" என்றார் பேராசிரியர்.

"ஸ்கூல்லயும் அதே கம்ப்ளெயின்ட்தான் டாக்டர்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

பேராசிரியருக்கு எதிரே யார் இருந்தாலும் அது மேடைதான். "இந்த வயசுல மனசு ஒரு சின்னத் தட்டு மாதிரி. ரெண்டு மூணு விஷயந்தான் நிக்கும். மேல வச்சா கொட்டிடும். என் புத்தகத்துலயே எழுதியிருக்கேன்."

டாக்டர் நான்கு எண்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். பாப்பா ஒன்றைத்தான் சொன்னாள். ஆனால் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

"மனசுக்குள்ள என்னம்மா சொல்லிட்டிருக்கே?"

"மாடி ரூம் சாவியைக் கொடுக்கணும்னு அம்மா அப்பாகிட்ட சொல்லச் சொன்னாங்க. வக்கீலைக் கேக்காமக் கொடுக்க முடியாதுன்னு அப்பா அம்மாகிட்ட சொல்லச் சொன்னாரு. அவங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க டாக்டர். நான் மறந்துட்டா ரெண்டு பேருமே திட்டுவாங்க."

டாக்டர் மறுபடி நான்கு எண்களைச் சொன்னார். பாப்பா கடகடவென்று ஒப்பித்தாள், தலைகீழாகவும் சொன்னாள்.

"குழந்தைக்கு ஒரு குறையும் இல்ல சார். தட்டுல நீங்க ரெண்டு பேரும் வச்சதை எடுத்துட்டா போதும். இனிமே நேருக்கு நேர் பேசிக்குங்க."

மனைவி ஜன்னலைப் பார்த்தாள். பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு மகள் பக்கம் குனிந்தார்.

"பாப்பா, டாக்டர் சொன்னதை அம்மாகிட்ட சொல்லிடு."