காணாமல்போன அடுப்பு

சாம்பல் தட்டுவதற்காகப் பின்படியில் வைத்திருந்த கரி அடுப்பைக் காணவில்லை. பக்கத்தில் இருந்த கரிப் பையும் இல்லை.

"இந்தக் குளிருக்கை ஆர் எடுத்தது?" நாகபூசணி கணவர் மகேந்திரராசாவைப் பார்த்தாள்.

புயல் அடித்து மூன்றாம் நாள். த பேசின் என்ற அந்த ஊரில் மலையடிவாரம் முழுக்க மரங்கள் மின்கம்பிகளின் மேல் சாய்ந்து கிடந்தன. கரண்ட் வர இன்னும் நாலு நாளாவது செல்லும் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள் முழுக்க நடுங்கிய பிறகுதான், கோடை விருந்துகளுக்கென்று வாங்கிய அந்த அடுப்பை மகேந்திரராசா ஹோலுக்குள் தூக்கி வந்தார். நேற்றுப் பின்னேரம் யன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் துவாயைச் செருகி, இரண்டு பேரும் சுகமாகக் குளிர் காய்ந்தார்கள். இன்று காலையில் இருவருக்கும் தலையிடி. அவளுக்குக் குமட்டிச் சத்தியும் வந்தது. பிரிட்ஜில் பழுதான கறியின் வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

"அவன்தான்," என்றார் மகேந்திரராசா.

அவன் என்றது அருந்தவனை. அடுத்த வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருப்பவன். இந்த நாட்டுக்குப் படகில் அகதியாய் வந்து பன்னிரண்டு வருசம், இன்னும் தற்காலிக விசா. ஏதும் உதவி வேணுமோ என்று காலையில் வந்து கேட்டான். வந்தவனின் கண் ஹோலுக்குள் இருந்த அடுப்பிலும் கதவிடுக்குத் துவாயிலுமே நின்றது. இன்றைக்கும் கொளுத்துவீர்களோ என்று இரண்டு தரம் கேட்டான். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தான். உன்னட்டைக் கேட்டுத்தான் கொளுத்தவேணுமோ என்று மகேந்திரராசா மறித்துவிட்டார்.

அதன் பிறகு இருவரும் போன்களைச் சார்ஜ் பண்ண நகரசபை மண்டபத்துக்குப் போய் வந்தார்கள். அந்த இடைவெளியில்தான் அடுப்புப் போயிருக்கிறது.

வேலியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அருந்தவனின் அறை வாசலில் அடுப்புக் கவிழ்ந்து கிடந்தது. கரி முழுக்கத் தண்ணீரில் ஊறிக் கறுப்பாய் வழிந்துகொண்டிருந்தது.

நாகபூசணி ஊறிய கரித்துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். தானாவது பாவித்திருந்தால் பரவாயில்லை. நாசமாக்கியல்லவா வைத்திருக்கிறான்.

சத்தம் கேட்டு அருந்தவன் வெளியே வந்தான். கையில் மடித்த கம்பளிகள் இரண்டு.

"ஓம் அங்கிள், நான்தான் எடுத்தனான். கேட்டாத் தரமாட்டியள் எண்டு தெரியும்."

பொலிஸுக்குச் சொல்லப்போவதாக மகேந்திரராசா சொன்னார். உன்னைப் போன்ற ஆட்களால்தான் எங்கள் எல்லோருக்கும் கெட்ட பேர் என்றும் சொன்னார்.

"எங்களைக் குளிரிலை சாகவிடப் பாத்தனியோ?" நாகபூசணி கேட்டாள்.

அருந்தவன் கிட்ட வந்தான். கம்பளிகளை அவள் கையில் வைத்தான்.

"கரி எரியேக்கை வாற நஞ்சுக்காத்துக்கு மணம் இல்லை அன்ரி. முந்தி நாங்கள் இருந்த வீட்டிலை கரண்ட் போன நேரம், என்ரை தம்பியும் அவன்ரை கூட்டாளியும் இப்பிடித்தான் அறையைப் பூட்டிப்போட்டுக் கரி மூட்டினவங்கள். தலையிடிக்குது, படுக்கப்போறன் எண்டு தம்பி எனக்குப் போன் எடுத்தவன். நான் வேலை முடிஞ்சு வந்து கதவை உடைக்கேக்கை, ரெண்டு பேரிலையும் உயிர் இல்லை."