எங்கேயோ கேட்ட பாட்டு

ஒத்திகை அறையில் நாலு பேர் இருந்தார்கள்: இயக்குநர், இசையமைப்பாளர், உடை தைக்கும் அக்கா, சாவிக்கொத்தோடு காவலாளி.

இசை நாடகத்தின் முதல் பாட்டில் பல்லவியை மட்டும் ஆர்மோனியத்தில் வாசித்து நிறுத்தினார் இசையமைப்பாளர்.

“எங்கயோ சுட்டிருக்கீங்க,” என்றார் இயக்குநர். “சொந்தச் சரக்குன்னு சொல்லித்தானே வந்தீங்க? நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

“சத்தியமா என் பாட்டு சார்.”

“அக்கா, நீங்களே சொல்லுங்க.”

“தைக்கும்போது நான் முணுமுணுக்கறதே இதைத்தான் தம்பி. ஏதோ பழைய பாட்டு.”

காவலாளி இன்னும் ஒரு படி மேலே போய், வாசிக்காத சரணத்தையே சீட்டியடித்துக் காட்டினார்.

இசையமைப்பாளர் அவர் பக்கம் திரும்பினார். “அண்ணே, சரணத்தை நான் போட்டதே போன வாரம்தான். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மூணு மாசமா மேல் மாடியில உக்காந்து அதையேதானே போட்டு அரைக்கிறீங்க? கட்டடம் முழுக்கக் கேக்குது. காது என்ன செய்யும்?”

இயக்குநர் தொண்டையைச் செருமினார். “சரி, இது இருக்கட்டும். ரெண்டாவது பாட்டை எங்க போடப்போறீங்க?”

“அதே மாடியிலதான்.”

“மாடியெல்லாம் வேணாம். யார் காதுலயும் விழாத இடமாப் பாக்கறேன்.”

அடுத்த அரைமணியில் இசையமைப்பாளர் ஆர்மோனியத்தோடு நிலவறைக் கிடங்குக்குள் போனார். காவலாளி கதவைச் சாத்தி வெளியே பூட்டினார்.